நாற்பத்திரண்டு தொள்ளாயிரம்

நவம்பர் 3, திங்கள்

மாநிலப் போட்டிக்கான சுற்றறிக்கை வந்துவிட்டது. இருபத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, திருச்சியில். பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் மல்யுத்தம், 43 கிலோ பிரிவு. எங்கள் மாவட்டத்தின் சார்பில் மு. காளீஸ்வரி, பதினொன்றாம் வகுப்பு. இந்தப் பள்ளியின் பெயர் மாநிலப் பட்டியலில் ஏறி ஒன்பது வருடம் ஆகிறது. எச்.எம். என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். விளையாட்டு சொல்லிக்கொடுக்கும் பி.இ.டி. டீச்சரை இந்தப் பள்ளியில் யாரும் உட்காரச் சொல்வதில்லை. "எஸ்தர், அசெம்பிளியில ஏன் இவ்வளவு சத்தம்?" என்று நிற்கவைத்துக் கேட்பதோடு சரி.

சுற்றறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'எடையில் எவ்விதத் தளர்வும் அளிக்கப்பட மாட்டாது.' போட்டியன்று காலை, அவர்கள் தராசில், அவர்கள் ஆள் பார்த்து எழுதுவார்களாம். 43 என்றால் 43.000. ஐம்பது கிராம் கூடினாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மாலை விளையாட்டு அறையில் காளியை எடை மேடையில் ஏற்றினேன். 45.600.

"இறங்கி ஏறு" என்றேன். மறுபடியும் 45.600.

"மாவட்டப் போட்டியில நீ எவ்வளவு இருந்த?"

"நாப்பத்திரண்டு தொள்ளாயிரம் டீச்சர். நீங்கதான சொன்னீக."

"மூணு வாரத்துல ரெண்டே முக்கா கிலோ எப்படி ஏறும்? தீபாவளிக்கு என்னத்தத் தின்ன?"

அவள் தரையைப் பார்த்தாள். "அதிரசம் டீச்சர்."

"எத்தன?"

"மூணு." கொஞ்சம் பொறுத்து, "நாலு" என்றாள்.

"நாலு அதிரசம் ஒன்ன எங்க கொண்டாந்து நிறுத்தியிருக்கு பாரு" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. கலங்கட்டும். அப்போதுதான் உறைக்கும்.

பதினெட்டு நாள் இருக்கிறது. குறைக்க வேண்டியது இரண்டு கிலோ அறுநூறு. ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிராம்கூட ஆகவில்லை. பெரிய காரியமில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

காளியின் அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். பேச்சியம்மாள், தீப்பெட்டி ஆபீசில் வேலை. அரை நாள் கூலி போகும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். புருஷன் லாரியில் போனால் பத்து நாளைக்கு ஆள் வருவதில்லை. வீட்டில் தாயும் மகளும்தான்.

நான் எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தேன். காலையில் ஒரு இட்லி. மதியம் காய் மட்டும். ராத்திரி சோறு கிடையாது, மோர் அரை டம்ளர். எண்ணெய், உப்பு, இனிப்பு கிடையாது.

"இம்புட்டுத்தானா டீச்சர்? புள்ள சாயங்காலம் ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டுதே."

"நீங்க தீபாவளிக்கு ஊட்டுனதத்தான் இப்ப எறக்கிக்கிட்டு இருக்கோம்."

அவர் தாளை நான்காக மடித்தார். பிறகு மெதுவாக, "மெடலு வாங்குனா காலேசுல எடம் குடுத்துருவாகளா?" என்று கேட்டார். மாநிலத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்கலாம், உடற்கல்விக் கல்லூரியில் சேர்த்துவிட நானே கூட வருகிறேன் என்றேன். இல்லாவிட்டால் பன்னிரண்டாவது முடித்ததும் காளியும் தாயோடு தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போவாள். அதை நான் சொல்லவில்லை, அவருக்கே தெரியும்.

"அப்ப எம்புள்ளையும் ஒங்கள மாதிரி டீச்சர் ஆயிருவா" என்று சிரித்தார். தாளை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

நவம்பர் 5, புதன்

45.300. வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

44.900. சொன்னேன் அல்லவா, முடியும்.

எங்களிடம் மேட் கிடையாது. பழைய ஜூடோ விரிப்பு நான்கைச் சேர்த்துப் போட்டு, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டிப் பழகுகிறோம். நானோ கபடிக்காரி. மல்யுத்தத்தில் ஆள் குறைவு, பிள்ளைக்குச் சீக்கிரம் சான்றிதழ் கிடைக்கும் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் தொடங்கினேன். பிடிகளைப் போனில் பார்த்து நான் சொல்லிக் கொடுப்பேன். காளி அதை நான் சொன்னதைவிட நன்றாகச் செய்வாள். இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாளென்றால் கூடப் பழகும் ஐம்பது கிலோ ரூபிகூட அப்படியே மல்லாந்துவிடுவாள். இவளை யாரும் எனக்குச் செய்து தரவில்லை, தானாக வந்து கிடைத்தாள்.

நாப்கின் பதிவேட்டை முடித்து எச்.எம்.மிடம் கையெழுத்து வாங்கினேன். இந்த மாதம் காளி வாங்கவில்லை. போட்டி நேரத்தில் அந்தத் தொல்லை இல்லாமல் இருப்பதும் நல்லதுதான்.

நவம்பர் 8, சனி

தனபாலன் சார் போன் செய்தார். பக்கத்து ஊர்ப் பள்ளியில் பி.இ.டி., மாவட்ட விளையாட்டுக் குழுவுக்குச் செயலாளர்.

"டீச்சர், ஒங்க புள்ள வெயிட்டு சரியா வந்துருமா?"

"வந்துரும் சார்."

"அங்க போயி ரொம்ப வித்தியாசம் காட்டுச்சுன்னா நம்ம எடைத்தாளக் கேப்பாங்க. அதுல ஒங்க கையெழுத்தும் இருக்கு, எங் கையெழுத்தும் இருக்கு."

"வந்துரும்னு சொல்றேன்ல சார்."

அக்டோபர் 14 அன்று எடை மேசையில் உட்கார்ந்தது நான்தான். மாவட்டப் போட்டிக்கு வெளியாள் யார் வருவார்? பிள்ளைகளை அழைத்து வரும் டீச்சர்களே மேசைக்கும் உட்கார வேண்டும். இவர் பிள்ளையை அவர் பார்த்துக்கொள்வார், அவர் பிள்ளையை இவர் பார்த்துக்கொள்வார். ஒரு கிலோ, இரண்டு கிலோ எல்லாம் கண்டும் காணாமல் விடுவதுதான். இல்லாவிட்டால் பாதிப் பிரிவுக்கு ஆளே தேறாது. அன்று காலை மட்டும் தனபாலன் சார் பள்ளியின் இரண்டு பிள்ளைகளுக்கு நான் பார்த்து எழுதினேன். காளிக்கும் ஏதோ பார்த்து எழுதினேன். தராசின் எண் தெரியும் பக்கம் மேசையைப் பார்த்து இருந்தது. பிள்ளைகளுக்குத் தெரியாது.

46 பிரிவில் விளையாட்டு விடுதிப் பெண் ஒருத்தி இருந்தாள். எதிரில் நிற்பவளை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவாள். 43-இல் இருந்தது ஒரே ஒரு பிள்ளை, ஷெரின் என்று பெயர், குச்சி மாதிரி இருந்தாள். யாராக இருந்தாலும் நான் செய்ததைத்தான் செய்திருப்பார்கள்.

நவம்பர் 10, திங்கள்

44.900. மூன்று நாளாக அங்கேயே நிற்கிறது.

"திருட்டுத்தனமாத் தின்னியா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப தராசு பொய் சொல்லுதா?"

இரண்டு ஸ்வெட்டர், மேலே மழைக்கோட்டு போட்டு மைதானத்தைப் பதினைந்து சுற்று ஓடவிட்டேன். கோட்டைக் கழற்றியபோது உள்ளேயிருந்து வியர்வை கொட்டியது. நானும் நான்கு சுற்று கூடவே ஓடினேன். என் முழங்கால் இப்போது பேசுகிறது.

நவம்பர் 11, செவ்வாய்

தாய்க்காரி ஒளித்து ஊட்டுகிறாரோ என்ற சந்தேகத்தில், சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. அடுப்படி கழுவித் துடைத்துக் கிடந்தது. சோற்றுப் பானை கவிழ்த்து வைத்திருந்தது.

"ராத்திரிக்கு ஒல வக்கிறதில்ல டீச்சர். சோத்து வாட புள்ளைக்கு ஆகல. நானு ஆபீசுலயே நாலு மணிக்குத் தின்னுட்டு வந்துர்றேன்."

காளி சுவரோரம் குப்புறப் படுத்திருந்தாள். போர்வை போர்த்தியிருந்தது. இந்தப் புழுக்கத்தில் எதற்குப் போர்வை என்று கேட்டேன். குளிருதாம். எனக்குக் காப்பி போட எழுந்தார் பேச்சியம்மாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் வீட்டில் கணவர், "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். தலைவலி என்றேன்.

நவம்பர் 12, புதன்

அசெம்பிளியில் காளி விழுந்துவிட்டாள். உறுதிமொழி வாசிக்கும்போது. பெரிதாக ஒன்றுமில்லை, கண்ணைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இரண்டு நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

எச்.எம். விடவில்லை. "எஸ்தர், நீங்க பிள்ளைய பட்டினி போடுறீங்களா?"

"காலையில சாப்பிடாம வந்துட்டா மேடம். நான் திட்டிருக்கேன்."

"ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா மொதல்ல என்னத்தான் கேப்பாங்க. மெடலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். முடியலன்னா விட்ருங்க."

போன வாரம் நாற்காலி போட்டவர் இவர்தான். மெடல் வந்தால் மாலையும் இவர் கழுத்துக்குத்தான் போகும்.

பிள்ளைக்குக் குளுக்கோஸ் கலந்து கொடுக்கச் சொன்னார்கள். வாங்கி ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

44.500.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். காளி தன்னுடையதை ரூபியிடம் கொடுத்துவிட்டு, கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். அப்புறம் குழாயடிக்குப் போய் அந்தக் கையைக் கழுவினாள்.

தனபாலன் சார் மறுபடி போன். "பேர மாத்தணும்னா நாளைக்கு சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் டைம் குடுத்துருக்காங்க. முடியலன்னா உடம்பு சரியில்லன்னு ஒரு லெட்டர் போட்ருங்க. ரெண்டாவது வந்த ஷெரின அனுப்பிருவோம். யாருக்கும் பிரச்சனையில்ல."

காளியைத் தனியாகக் கூப்பிட்டேன். "ஒனக்கு முடியலன்னா சொல்லு. இந்த வருசம் விட்ரலாம்."

"இல்ல டீச்சர், கொறச்சிருவேன்."

"கஷ்டமா இருக்குல்ல?"

"நான் தின்னதுக்கு நாந்தான டீச்சர் கொறைக்கணும். நீங்க என்ன செய்வீக?"

நல்ல பிள்ளை. இந்த உறுதி எனக்கு அந்த வயதில் இருந்ததில்லை.

நவம்பர் 15, சனி

44.100.

பள்ளி விடுமுறை, ஆனாலும் காலையில் வரச் சொல்லி எடை பார்த்தேன். வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினேன், 'உடல்நலக் குறைவு காரணமாக' என்று தொடங்கி, அரைப் பக்கம். கையெழுத்தும் போட்டேன். படம் எடுத்து அனுப்ப வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

அனுப்பினால் ஷெரின் போவாள். காளி அடுத்த வருடம் வயது தாண்டிவிடுவாள். அவள் அம்மாவிடம் நான் என்ன சொல்வேன்? எச்.எம். மறுபடியும் என்னை நிற்கவைப்பார். நாலேகால் மணிக்கு எடுத்த போனைக் கீழே வைத்துவிட்டுத் துணி மடித்தேன். மடித்து முடித்தபோது ஐந்தரை. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

43.800. இன்னும் எண்ணூறு.

இன்று ரூபி இவளை மூன்று முறை கீழே போட்டாள். போட்டுவிட்டு அவளே பயந்து, "ஏய் காளி, நீ வேணும்னே விழுறியா?" என்று கேட்டாள். கழுத்தை ஊன்றி உடம்பை வில்லாக வளைத்து நிற்பது காளிக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. இன்று நான்கு எண்ணுவதற்குள் சரிந்துவிட்டாள்.

"ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்குற?" என்றேன்.

"பேசுனா நாக்கு வறண்டுருது டீச்சர்."

உதடு இரண்டு இடத்தில் வெடித்திருக்கிறது. எடை வந்தபிறகு சாப்பிட்டுத் தேறிவிடலாம். எடை பார்ப்பதற்கும் முதல் சுற்றுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

நவம்பர் 19, புதன்

43.500. எச்.எம். பயணப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

திருச்சி. பிள்ளைகளைத் தங்கவைத்திருக்கும் பள்ளி வகுப்பறையில் பெஞ்சின் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சாயங்காலம் மணி ஆறு. காளி தூங்குகிறாள், அல்லது கண்ணை மூடியிருக்கிறாள்.

பஸ்சில் மதுரை தாண்டியதும் பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தாள். படிக்கிறாளாக்கும் என்று நினைத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் மடியில் வைத்தாள்.

அக்டோபர் 14 தொடங்கி நவம்பர் 3 வரை அவள் சாப்பிட்டது அத்தனையும் எழுதியிருந்தது. நாள்வாரியாக. இட்லி மூன்று. சோறு, பருப்பு. அத்தை வீட்டில் தோசை இரண்டு. அவித்த முட்டை ஒன்று. அதிரசம் நான்கு, அதில் ஒன்று பாதி. முறுக்கு ஐந்து. ஞாபகம் இல்லாத இடத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள்.

"இதுல எது டீச்சர் அம்புட்டு ஏத்துச்சு?"

நான் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எல்லா வருசமும் திங்கிறதுதான். எப்படிக் கூட்டிப் பாத்தாலும் ரெண்டே முக்கா கிலோ வரல. எதுன்னு தெரிஞ்சா இனிமே அதத் தொடாம இருந்துருவேன்."

"தூங்கு, நாளைக்குப் பேசலாம்" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தலை என் தோளில் சாய்ந்தது. கனமே இல்லை.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை. அக்டோபர் 14 காலை காளியின் எடை 44.700. தளர்வு என்று நாங்களே வைத்துக்கொண்ட இரண்டு கிலோவுக்குள் வந்தது. நான் 42.900 என்று எழுதினேன். 43 என்று முழுதாக எழுதினால் சந்தேகம் வருமென்று நூறு கிராம் குறைத்து எழுதினேன். அதன் பிறகு மூன்று வாரத்தில் அவள் ஏறியது தொள்ளாயிரம் கிராம். பதினாறு வயதுப் பிள்ளை, வளர்கிறாள்.

நாளைக்கு எடை வந்துவிட்டால் இதெல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

நவம்பர் 21, வெள்ளி

காலை ஆறே முக்காலுக்கு ஸ்டேடியத்துக்கு வெளியே, பிள்ளைகள் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த தராசில் ஏற்றினேன். 43.250. ஏழரைக்கு எடை மேசையை மூடிவிடுவார்கள்.

ஸ்வெட்டரைப் போட்டு ஓடவிட்டேன். வியர்வை வரவில்லை. உடம்பில் இருந்தால்தானே வரும். ஓடுகிறாள், நிற்கிறாள், சுவரைப் பிடிக்கிறாள், மறுபடி ஓடுகிறாள். வேறு மாவட்டத்துப் பிள்ளைகள் வாழைப்பழம் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தார்கள். ஏழு பத்துக்கு மறுபடி ஏற்றினேன். 43.150.

"டீச்சர், முடிய வெட்டிருங்க" என்றாள்.

"என்ன?"

"சடை நூறு கிராமுக்கு மேல இருக்கும்ல? வெட்டிருங்க."

முதலுதவிப் பெட்டியில் கத்தரிக்கோல் இருந்தது. நான் எடுத்துவிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும். எடுத்தேன், அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன், சடையைக் கையில் பிடித்தேன். தொடைவரை தொங்கும் முடி. திங்கட்கிழமைதோறும் ரிப்பன் கட்டியிருக்கிறாளா என்று நான் சோதிக்கும் அதே சடை.

"மன்னிச்சிருங்க டீச்சர்" என்றாள் திரும்பாமல். "மாவட்டத்துல இருந்த மாதிரியே இருந்துருக்கணும். நாக்கக் கட்டத் தெரியல. எங்கம்மா வேற எனக்காக ராத்திரி ஒல வக்கிறதில்ல. ஒங்களுக்கும் எம்புட்டு அலைச்சல்."

கத்தரிக்கோலை விரலில் மாட்டியபடி நின்றேன். எனக்கு அழுகை வந்தது. பயத்தால் வந்த அழுகையா, வெட்கத்தாலா, இப்போதும் தெரியவில்லை.

"காளி, நீ நாப்பத்திரண்டு தொள்ளாயிரம் இல்ல."

"என்ன டீச்சர்?"

"அன்னைக்கி நீ நாப்பத்திநாலு எழுநூறு. நாந்தான் மாத்தி எழுதுனேன். நாப்பத்தாறுல அந்த ஆஸ்டல் பிள்ள இருந்தா. இதுல போட்டா செயிச்சிருவன்னு எழுதிட்டேன்."

அவள் திரும்பினாள். சடை என் கையிலிருந்து நழுவியது.

"அப்ப நான் ஏறலையா?"

"ஏறல. வளந்துருக்க, அம்புட்டுத்தான்."

"அதிரசம்?"

"அது ஒண்ணுமே இல்ல காளி."

கத்துவாள், அழுவாள், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நின்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையிடம் போய், "தண்ணி இருக்காக்கா?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளை பெரிய பாட்டிலைக் கொடுத்தது. காளி அதை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். மூச்சு விட நிறுத்தினாள், மறுபடி குடித்தாள். கழுத்து வழியாக வழிந்து உடுப்பு நனைந்தது. முக்கால் பாட்டில் காலி.

பிறகு எடை அறையைப் பார்த்து நடந்தாள்.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "ஏற வேண்டாம் காளி. வரலன்னு எழுதிக்கிருவாங்க. ஒரு கேள்வியும் வராது." அந்த நேரத்திலும் எனக்கு இப்படித்தான் தோன்றியது.

"இல்ல டீச்சர். எம்புட்டு இருக்கேன்னு நான் பாக்கணும். அன்னைக்கி என்னயப் பாக்க விடல."

இங்கே தராசின் எண் ஏறுபவரைப் பார்த்து இருந்தது. மேசையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. காளி ஏறினாள். எண்கள் ஓடி நின்றன. அந்த அம்மா சொல்வதற்கு முன்னால் இவளே சத்தமாகப் படித்தாள். "நாப்பத்தி மூணு எண்ணூறு."

"எண்ணூறு கிராம் கூட இருக்கும்மா. இன்னும் ஏழு நிமிசம் இருக்கு, எதாச்சும் முயற்சி பண்றியா?"

"வேணாம் மேடம். எழுதிக்கங்க."

அந்த அம்மா எழுதினார். பிறகு மாவட்டத் தாளைப் புரட்டி என்னைப் பார்த்தார். "இதுல நாப்பத்திரண்டு தொள்ளாயிரம்னு இருக்கே டீச்சர். பிள்ளை தண்ணி குடிச்சதா?"

காளி என் முகத்தைப் பார்த்தாள். உதவி கேட்கும் பார்வை இல்லை. நான் இந்த முறை என்ன சொல்வேன் என்று பார்த்தாள்.

"அது பொய் மேடம். அன்னைக்கி நாப்பத்திநாலு எழுநூறு. நான் எழுதுனது."

நவம்பர் 22, சனி

நேற்று மதியம் மாநிலக் குழு அறையில் உட்காரவைத்து எழுதி வாங்கினார்கள். இரண்டு பக்கம். 'மாவட்ட எடைத்தாளில் உள்ள எண் என்னால் தெரிந்தே தவறாக எழுதப்பட்டது. மாணவிக்கு இது தெரியாது. இரண்டாமிடம் பெற்ற ஷெரினே 43 கிலோ பிரிவில் மாநிலப் போட்டிக்கு வந்திருக்க வேண்டியவர்.' தனபாலன் சாரின் பிள்ளைகளைப் பற்றியும் எழுதினேன். காளியின் மாவட்ட வெற்றி செல்லாது என்றார்கள். மாணவியின் மேல் நடவடிக்கை இல்லை என்று எழுதித் தரும்படி கேட்டேன், தந்தார்கள். எனக்கு மெமோ பள்ளிக்கு வரும்.

தனபாலன் சார் ஆறு முறை கூப்பிட்டார். ஏழாவது முறை எடுத்தேன். "எல்லாரு தலையிலயும் மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே டீச்சர்! பதினஞ்சு வருசமா நடக்குறது, ஒங்களுக்கு மட்டும் புதுசா ஞானம் வந்துருச்சோ?" என்றார். ஞானம் எல்லாம் வரவில்லை சார், மாட்டிக்கொண்டேன் என்றேன். வைத்துவிட்டார்.

பஸ்சில் காளி முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். மேலூர் நிறுத்தத்தில் இரண்டு புரோட்டா வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் என் இடத்துக்குத் திரும்பிய பிறகுதான் பிரித்தாள்.

நவம்பர் 23, ஞாயிறு

ஜெபத்துக்குப் போகவில்லை. காலை பத்து மணிக்குக் காளி வீட்டுக்குப் போனேன். நேற்று இறக்கிவிட்டபோது, "நீங்களே அம்மாகிட்ட சொல்லிக்கங்க டீச்சர், நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள்.

பேச்சியம்மாள் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். எழுந்து கையைக் கழுவினார். "எடை கூடிருச்சுன்னு மட்டும் சொன்னா டீச்சர். மொகம் குடுத்துப் பேச மாட்டேங்குறா. அந்தப் பலகாரத்த நான் சுட்டுருக்கவே கூடாது. எம் புத்தியச் செருப்பாலடிக்கணும்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தராசு, மேசை, எண், ஷெரின், கையெழுத்து. எதையும் மாற்றாமல் சொன்னேன். காளி உள்ளே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பேச்சியம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தார்.

"அப்ப எம்புள்ள தின்னது குத்தமில்லையா?"

"இல்லம்மா."

"நான் ஊட்டுனதும் குத்தமில்ல?"

"இல்லம்மா. எல்லாம் நான் பண்ணுனது. என்னய மன்னிச்சிருங்க."

"இத அவகிட்டயும் சொல்லிட்டீக, எங்கிட்டயும் சொல்லிட்டீக. பெரிய எடத்துல எழுதியும் குடுத்துட்டீக." அவர் குரல் உயரவில்லை. "பதினெட்டு நாளு எம்புள்ள தட்டுல கை வச்சப்பல்லாம் அவ கையவே பாத்துக்கிட்டு இருந்தேனே டீச்சர், எங்க ஒரு வாய் கூடத் தின்னுருவாளோன்னு. இத நான் யாருகிட்டப் போயி சொல்ல?"